தேங்காய்ப்பாலும் நெய்யும் ஒரே வேளையில் வேண்டாம்

யோக வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பலர் ஒரு போத்தல் நெய் வாங்கிவிடுகிறார்கள். சாத்வீக உணவு என்றால் நெய் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆனால் கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள ஒரு வீட்டின் மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். பருப்பில் தேங்காய்ப்பால், பால்கறியில் தேங்காய்ப்பால், பக்கத்தில் சம்பல். அதற்கு மேலேதான் அந்த இரண்டு கரண்டி நெய்யும் விழுகிறது. மூன்று மாதத்தில் உடல் கனக்கிறது, முன்குனியும் ஆசனங்களில் வயிறு இடிக்கிறது. பழி நெய்யின் தலையில் விழுகிறது.

ஹட யோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூல் நெய்யை எங்கே வைக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். நெய்ப்பசையும் இனிமையும் உள்ள உணவை, வயிற்றில் கால்பங்கு வெறுமையாக விட்டு உண்பதே மிதாகாரம் என்கிறது முதல் அத்தியாயம். அது தரும் உணவுப் பட்டியலில் அரிசி, கோதுமை, வாற்கோதுமை, பயறு, பால், வெண்ணெய், நெய், தேன், சுக்கு எல்லாம் உண்டு, தேங்காய் இல்லை. அந்தத் தட்டுக்குக் கொழுப்பு வருவது பெரும்பாலும் பாலிலிருந்தும் நெய்யிலிருந்தும்தான். இரண்டாம் அத்தியாயம் இன்னும் குறிப்பாகப் பேசுகிறது: பிராணாயாமப் பயிற்சியைத் தொடங்கும் காலத்தில் பாலும் நெய்யும் சேர்ந்த உணவு நல்லது, பயிற்சி நிலைபெற்ற பிறகு அந்தக் கட்டுப்பாடு தேவையில்லை. அதாவது நெய்யின் அளவு பயிற்சியின் கட்டத்தைப் பொறுத்தது. எல்லோருக்கும் எப்போதும் ஒரே அளவு என்று அந்த நூல் சொல்லவில்லை.

வயிற்றில் கால்பங்கு வெறுமையாக இருக்க வேண்டுமானால் குறைந்த கனஅளவில் நிறைந்த சக்தி தரும் உணவு வேண்டும். நெய் அதைத் தருகிறது. கீரையிலும் கரட்டிலும் உள்ள கரோட்டினை உடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும், ஒரு தேக்கரண்டி நெய் அதற்குத் தாராளமாகப் போதும். பாலின் புரதமும் லக்டோசும் நெய்யில் அநேகமாக இல்லை என்பதால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் அது ஒத்துக்கொள்கிறது. பால் புரத ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் விலகியிருக்க வேண்டும்.

இனிக் கணக்கு. 5 மில்லி தேக்கரண்டி நெய் ஏறக்குறைய 4.5 கிராம், 40 கலோரி. அதில் நிரம்பிய கொழுப்பு (சச்சுரேட்டட் கொழுப்பு) 3 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கெட்டியான முதற்பால் 100 மில்லியில் 20 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருக்கும், அதன் பெரும்பகுதி நிரம்பியதே. நிரம்பிய கொழுப்பில் அது ஆறு தேக்கரண்டி நெய்க்குச் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். நாளுக்கு 2000 கலோரி உண்பவருக்கு நிரம்பிய கொழுப்பு சுமார் 22 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஒரு பால்கறியே அதில் பெரும்பங்கை எடுத்துவிடும். ஆகவே ஒரு வேளைக்கு ஒன்று போதும்: நெய் விடும் வேளையில் தேங்காய்ப்பால் இல்லை, சொதி வைக்கும் வேளையில் நெய் இல்லை.

காலைப் பயிற்சி முடித்து அரைமணி நேரத்தின் பின் பயற்றங்கஞ்சி. தேங்காய்ப்பால் விடாமல், சீரகமும் இஞ்சியும் ஒரு தேக்கரண்டி நெய்யில் தாளித்துக் கொட்டினால் குறை தெரியாது. மதியம் சிவப்பரிசிச் சோறு, மஞ்சள் போட்டு அவித்த பருப்பு, பொன்னாங்காணி வறை. பருப்பின் மேல் இன்னொரு தேக்கரண்டி நெய். வறைக்கு ஒரு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ போடலாம். இரவில் இடியப்பமும் இரண்டாம் பாலில் வைத்த சொதியும், நெய் வேண்டாம். ஆசனம் மட்டும் செய்பவருக்கு இந்த இரண்டு தேக்கரண்டி நிறைவாகப் போதும். பிராணாயாமத்தை நீளமாகச் செய்யத் தொடங்கி, வாய் உலர்வதும் மலம் இறுகுவதுமாக இருந்தால் மூன்றாகக் கூட்டலாம். கொலஸ்ட்ரோல், பித்தப்பைக் கல், இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது.

நெய் சேர்ந்த உணவு இரைப்பையைவிட்டு மெதுவாகத்தான் இறங்கும். மாலை 6 மணி வகுப்புக்குப் போகிறவர் 4 மணிக்கு நெய் ரொட்டி சாப்பிட்டால் முன்வளைவுகளில் புளித்த ஏப்பம் நிச்சயம். குறைந்தது மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். நெய்யை உருக்கித்தான் விட வேண்டும், சாப்பிட்டதும் ஐஸ் தண்ணீர் குடிக்கக் கூடாது.

சங்கப் பிரக்ஷாளனம் செய்தால் மட்டும் கணக்கு மாறும். குடலை உப்பு நீரால் கழுவி, முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு, அரிசியும் பயறும் குழைய வேகவைத்த கிச்சடியில் தாராளமாக நெய் விட்டு உண்பது மரபு. கழுவப்பட்ட குடற்சுவருக்கு நெய் ஒரு பூச்சாக நிற்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். இதை ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் வீட்டில் முயலவே வேண்டாம்.

கடையில் வாங்குவதானால் லேபலை முழுதாக வாசியுங்கள். 'வெஜிடபிள் கீ' என்பது தாவர எண்ணெய், நெய் அல்ல. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி நெய்யில் பால் கொழுப்பு 99.6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எருமை நெய் வெள்ளையாக இருக்கும், பசுநெய் மஞ்சள். எருமைப்பால் கனமானது, தூக்கம் தருவது என்பது ஆயுர்வேதத்தின் கணிப்பு. தியானத்துக்கு உட்காருகிறவர் பசுநெய்யையே எடுப்பது நல்லது.

வீட்டில் காய்ச்சுவது ஒன்றும் கடினமில்லை. உப்பில்லாத 227 கிராம் பட்டர் இரண்டு கட்டி எடுங்கள். அடி கனத்த பாத்திரம் வேண்டும், நுரை எழும்புவதால் பாதிக்கு மேல் நிரம்பக் கூடாது. மிகச் சிறிய நெருப்பில் வைத்து மூடாமல் விடுங்கள். முதலில் வெள்ளை நுரை கட்டும், பிறகு சடசடவென்று சத்தம் வரும். பட்டரில் இருக்கும் 16 சதவீத நீர் போகும் சத்தம் அது. 20 நிமிடமளவில் சத்தம் தணிந்து நெய் கண்ணாடிபோல் தெளியும், அடியில் கசண்டு தெரியும். இங்கிருந்து அடுப்பைவிட்டு நகரக் கூடாது. மெல்லிய நுரை இரண்டாம் தடவை எழும்பி, கசண்டு வெளிர் பொன்னிறமாகும் கணத்தில் இறக்கி, ஒரு கொத்துக் கறிவேப்பிலையைப் போட்டு, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதே பாத்திரத்தில் விட்டால் அடியில் தங்கிய சூட்டிலேயே கசண்டு கறுத்து நெய் கசந்துவிடும். 350 கிராமுக்குச் சற்றுக் கூடக் கிடைக்கும். ஒரு சொட்டைச் சூடான கரண்டியில் விட்டுப் பாருங்கள். பொரிந்தால் நீர் மிச்சமிருக்கிறது, அந்த நெய் சில வாரத்தில் வாடை அடிக்கும்.

உப்புப் பட்டர்தான் கிடைத்தது என்றால் அதே அளவு நீருடன் உருக்கி பிரிட்ஜில் வையுங்கள். கொழுப்பு மேலே கட்டியாகும், உப்பு நீரை ஊற்றிவிட்டுக் கட்டியைக் காய்ச்சலாம்.

கொழும்பு வெப்பத்தில் நெய் முழுதாக உறையாது. அடியில் மணல் மணலாகவும் மேலே எண்ணெய் போலவும் பிரிந்து நிற்பதைக் கண்டு கலப்படம் என்று பயப்பட வேண்டாம், மெதுவாக ஆறும் நெய்யின் இயல்பே அது. கெடுப்பது ஈரம்தான். நெய் நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள், சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்த நீர் உள்ளே சொட்டும். ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சின்னப் போத்தலில் எடுத்துவைத்து, பெரிய போத்தலை வெளிச்சம் படாத அலுமாரியில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் நிற்கும். உருக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் கரண்டியில் எடுத்து உருக்குங்கள், போத்தலையே திரும்பத் திரும்பச் சுடுநீரில் இறக்க வேண்டாம்.