மாயாற்று முள்காட்டில் பாம்பு, பல்லிக் கணக்கெடுப்பு

நீலகிரியிலிருந்து வடக்கே இறங்கினால் மாயாறு பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழையை மலையே வாங்கிக்கொள்வதால் இந்தப் பக்கம் வந்து சேர்வது கொஞ்சம்தான். கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும்தான் நிலத்தை நனைக்கும். உசிலை, வெள்வேல், இலந்தை, கிளுவை எல்லாம் தள்ளித் தள்ளி நிற்கும்; இடைவெளி முழுக்கப் புல். வெளிமான் மேயும், கழுதைப்புலி திரியும், மேலே பாறுக் கழுகுகள் வட்டமிடும். பள்ளத்தாக்கின் ஒரு பகுதி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. 2008-ல் சரணாலயமாகி 2013-ல் புலிகள் காப்பகமான, சுமார் 1,400 சதுர கிலோமீட்டர் பரப்பு அது.

இங்கே என்னென்ன பாம்புகளும் பல்லி வகைகளும் இருக்கின்றன என்று எங்கள் கல்லூரிக் குழுவோடு சேர்ந்து கணக்கெடுத்தேன். அதை எப்படிச் செய்து முடித்தோம் என்று எழுதி வைத்தால் இந்த வேலையில் இறங்கப்போகும் மாணவர்களுக்கு உதவும். எழுத இன்னொரு காரணமும் உண்டு. இந்த நிலத்தைப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர், "நல்ல காடா இருந்திருக்கும், வெட்டி அழிச்சிட்டாங்க" என்கிறார்கள். அரசின் தரிசு நில வரைபடத்திலும் புதர் உள்ள திறந்தவெளிக்குத் தனி வகையே இருக்கிறது. ஆனால் இது அழிந்த காடு இல்லை, மரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் புல்வெளி, அதாவது சவானா. வெயில் விரும்பும் புல் தரையை மூடியிருக்கிறதா என்பதே சவானாவுக்கு அடையாளம், மரங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று பெங்களூரில் பணியாற்றும் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் போன்ற சூழலியலாளர்கள் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். களத்துக்குப் போகும் முன் அதைப் படித்திருந்தேன். முழுசாக விளங்கியது ஓணான்களைப் பார்த்த பிறகுதான்.

முதலில் அனுமதி. காப்பகத்துக்குள் ஆய்வு செய்ய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தில் பொதுப்படையாக எழுதினால் கேள்விகளோடு திரும்பி வரும். எந்தச் சரகம், எந்தெந்த மாதம், எத்தனை பேர், வண்டி உண்டா, உயிரினத்தைக் கையால் தொடுவீர்களா, வால் நுனியை மாதிரியாக எடுப்பீர்களா என்று ஒவ்வொன்றையும் எழுத வேண்டும். நாங்கள் படம் எடுத்து, அளந்து, அதே இடத்தில் விட்டுவிடுவோம், எதையும் சேகரிக்க மாட்டோம் என்று எழுதினோம். சிக்கல் இரவு வேலையில்தான் வந்தது. பாம்புகளில் பல இரவில் நடமாடுபவை. ஆனால் யானையும் புலியும் உள்ள இடத்தில் இருட்டில் நடக்க யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அது நியாயம்தான். வேட்டைத் தடுப்பு முகாம்களைச் சுற்றியும், குறிப்பிட்ட சில வண்டிப் பாதைகளிலும், காவலர்கள் உடன் வந்தால் மட்டும் என்று கடைசியில் முடிவானது. இதற்கே ஒரு பருவம் ஓடிவிட்டது.

அப்புறம் தேடும் முறை. பிரேசிலின் செராடோ சவானாவில் இந்த மாதிரி கணக்கெடுப்புக்குக் குழிப்பொறிதான் வழக்கம். பெரிய வாளிகளை வாய் மட்டம் தரையோடு இருக்கும்படி புதைத்து, அவற்றுக்கிடையே பிளாஸ்டிக் தாளைத் தாழ்வான வேலி போல நிறுத்துவார்கள். வேலியில் முட்டி, அதை ஒட்டியே ஊர்ந்து வரும் உயிரினம் வாளியில் விழும். மண்ணுக்குள் வாழ்கிற பல்லிகளும் புழுப்பாம்புகளும் அங்கே பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கின்றன. எனக்கும் அதில் ஆசை இருந்தது. ஆனால் இங்கே தரை கல்லும் சரளையும். புதிதாக எதை நட்டாலும் யானை வந்து பிடுங்கிப் பார்க்கும். விடியும் முன் போய்ப் பார்க்காவிட்டால் வாளியில் விழுந்ததை எறும்பு தின்றுவிடும். தினமும் விடியற்காலையில் போக எங்களுக்கு அனுமதி இல்லை. பிடித்ததைப் பத்திரமாக விடுவிக்க முடியாத பொறியை வைப்பது தப்பு என்று அதைக் கைவிட்டோம்.

எனவே நேரக் கணக்குத் தேடல். வரைபடத்தில் புள்ளிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அங்கே போய் ஒரு மணி நேரம் கண்ணால் தேடுவது. மூன்று பேர் ஒரு மணி நேரம் தேடினால் மூன்று ஆள்-மணி. வழியில் ஒரு பாம்பைப் படமெடுக்க பத்து நிமிடம் நின்றால் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். யானை வந்து ஒதுங்கினாலும் அப்படியே. இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு ஒப்பிடவே முடியாது. குலுக்கலும் முக்கியம். நம் இஷ்டத்துக்கு விட்டால் பாறை, ஓடை, பெரிய மரம் என்று கண்ணுக்குப் பிடித்த இடங்களுக்கே கால் போகும். திறந்த புல்வெளியை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

அந்தப் புல்வெளியில்தான் விசிறித்தொண்டை ஓணான் இருந்தது. கோடை மழையை ஒட்டிய காலை நேரம், வெயில் ஏறத் தொடங்கியதும் ஆண் ஓணான் ஒரு கல் மேல் ஏறும். கல் உள்ளங்கை அளவு இருந்தால் போதும். முன்கால்களை ஊன்றி நிமிர்ந்து, தொண்டைக்குக் கீழ் மடங்கிக் கிடக்கும் தோலைச் சட்டென்று விரிக்கும். ஒரு நொடிதான், மடக்கிவிடும். மறுபடி விரிக்கும். தள்ளி இன்னொரு கல்லில் இன்னொன்று பதில் சொல்லும். கிட்டப் போனால் இறங்கி ஓடுகிற ஓட்டத்தில் வெறும் பின்னங்கால்களால் எழுந்து ஓடுவதும் உண்டு. கையில் எடுத்துப் பின்பாதத்தைப் பார்த்தால் நான்கே விரல், ஐந்தாவது கிடையாது. சாதாரண ஓணான் குஞ்சிலிருந்து பிரித்தறிய அதுவே போதும்.

இதன் இனப் பெயரில் அவசரப்படக் கூடாது. இந்தியத் தீபகற்பத்தின் விசிறித்தொண்டை ஓணான்களை மரபணு வரை பார்த்து தீபக் வீரப்பனும் அவருடைய கூட்டாளிகளும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு புதிய பேரினமும் ஐந்து புதிய இனங்களும் வந்தன. சிடானா விசிறி என்று தமிழ்ப் பெயர் பெற்ற இனம் அவற்றில் ஒன்று. அதுவரை எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் எங்கள் தாளில் சிடானா என்று பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு, விரிந்த தொண்டை, முதுகுச் செதில், பின்பாதம் மூன்றையும் படமெடுத்து, உடல் நீளத்தையும் வால் நீளத்தையும் எழுதி வைத்தோம். பின்னால் வருகிறவர் பெயரைத் திருத்த வேண்டுமானால் படங்கள் இருக்கும்.

எங்களோடு வந்த காவலர்களில் ஓர் இருளர் அண்ணன் இருந்தார். யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்பது எங்களுக்கு முன்பே அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். ஒரு நாள் பாறைத் திட்டில் பட்டைக் கல் ஒன்றைப் புரட்டக் குனிந்தபோது தடுத்தார்.

"இப்படி இல்லீங்க தம்பி. எட்டத்து ஓரத்துல கொக்கியப் போட்டு உங்க பக்கமாத் தூக்குங்க. கல்லு உங்களுக்கும் அதுக்கும் நடுவால நிக்கோணும்."

"ஒண்ணும் இல்லீன்னா, ண்ணா?"

"இல்லீன்னாலும் எடுத்த மாதிரியே வெச்சுப்போடுங்க. அது பொழுதோட வந்து தேடுமில்ல."

அன்றைக்குக் கல்லுக்கடியில் சுருட்டை விரியன் இருந்தது. ஒரு சாண் இருக்கும். தலையில் அம்பு முனை மாதிரி வெளிறிய குறி. ஓடவில்லை. உடம்பை வளைவு வளைவாக மடித்துக்கொண்டு வளைவுகளை ஒன்றோடொன்று உரசியது. விலாப்பக்கச் செதில்களில் ரம்பம் போன்ற வரப்பு இருப்பதால் அந்த உரசலில், சுட்ட தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம் வரும். வாய் திறக்காமலே எச்சரிக்கிறது. படமெடுத்ததும் கல்லை அதன் பழைய தடத்திலேயே வைத்தோம். கல்லுக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள அந்த விரற்கடை இடைவெளியில்தான் பல்லி, தேள், பாம்பு எல்லாம் வெயிலிலிருந்து தப்பிக்கின்றன. கொஞ்சம் கோணலாக வைத்தாலும் அந்த ஈரமும் குளிர்ச்சியும் போய்விடும்.

விஷமுறி மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் கிடைக்கும் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிப்பது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கை மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கொடுத்து வந்திருக்கிறது. மருந்து எந்த மருத்துவமனையில் இருக்கிறது, அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று களத்துக்கு முன்பே விசாரித்து, எல்லார் செல்போனிலும் அந்த மருத்துவமனையின் எண்ணை ஏற்றிக்கொண்டோம். கெய்ட்டர் (முழங்காலுக்குக் கீழே காலை மூடும் தடித்த உறை) கட்டாமல் யாரும் புல்லில் இறங்கக் கூடாது என்பது குழுவின் விதி.

இரவில் ஹெட்லைட்டை நம் கண் மட்டத்தில் பிடித்தால் தரை முழுக்க பச்சைப் பொட்டுகளாக மின்னும்; எல்லாம் சிலந்திக் கண். பல்லியின் கண் மங்கலாகத்தான் தெரியும். பாம்புக்கு அப்படிக் கண் மின்னுவதை நம்பித் தேட முடியாது, உடம்பைத்தான் பார்த்தாக வேண்டும். கருத்த உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பைக் கண்டால் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்: கட்டு விரியனா, விஷமற்ற ஓநாய்ப் பாம்பா? முதுகு நடுவரிசையைப் பாருங்கள். கட்டு விரியனுக்கு அந்த வரிசைச் செதில்கள் பக்கத்திலிருப்பவற்றைவிடப் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு எல்லாம் ஒரே அளவு. பட்டை கழுத்துப் பக்கம் தொடங்குகிறதா, வால் பக்கம் தெளிவாக இருக்கிறதா என்பதும் உதவும். ஆனால் பட்டை ஆளுக்கு ஆள் மாறும், செதில் மாறாது. இதைத் தூரத்திலிருந்து நல்ல லென்ஸ் போட்டு எடுத்த படத்தில் பார்க்க வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது.

தாளில் எதுவும் இல்லாத நாட்களும் வரும். ஒரு மணி நேரம் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தத் தாளைக் கிழித்துப் போடத் தோன்றும். பூஜ்யத்தை எழுதியே ஆக வேண்டும். தேதி, நேரம், தரை வெப்பம், மேகம், தேடியவர் பெயர் எல்லாவற்றோடும். சீமைக்கருவேலம் அடர்ந்த புள்ளிகளில் விசிறித்தொண்டை ஓணானுக்குத் தொடர்ந்து பூஜ்யம் எழுதினோம். அங்கே சாதாரண ஓணானும் அரணையும் இருந்தன. புதரில் பார்வை மறைவதால் இருப்பது தெரியாமல் போயிருக்கலாமே என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. அதனால் ஒவ்வொரு புள்ளியிலும் தரை எத்தனை அடி தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பதையும் எழுதத் தொடங்கினோம். புதருக்குள்ளேயே திறந்து கிடந்த திட்டுகளை மட்டும் பிரித்துப் பார்த்தாலும் விசிறித்தொண்டை ஓணான் இல்லை. அதற்கு ஏறி நிற்க வெயில் பட்ட கல் வேண்டும், விசிறியை இன்னொன்று பார்க்கும்படி வெளி வேண்டும். நிழல் மூடினால் இரண்டும் போய்விடும். பாம்புக்கண் பல்லி என்று நாங்கள் எழுதிய சின்னப் பல்லியும் அப்படித்தான். கீழ் இமை கண்ணாடி போல ஒட்டிக்கொண்டு, இமைக்காமல் பார்க்கும் அதுவும் புல்லும் மண்ணும் கலந்த வெட்டவெளியை விட்டு நகரவே இல்லை.

கடைசியில் கணக்கு. தேடிய நேரம் கூடக் கூடப் புதிய இனங்கள் சேர்வதை ஒரு கோடாகப் போடுவார்கள். பல்லிகளின் கோடு சீக்கிரமே படுத்துவிட்டது; இருப்பதில் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டோம் என்று அர்த்தம். பாம்புகளின் கோடு ஏறிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு தடவை பார்த்த இனங்கள் பல. வாலைச் சுருட்டி அடிப்பக்க நீலத்தைக் காட்டிய மெல்லிய பவழப் பாம்பு அதில் ஒன்று. ஒரு தடவை பார்த்தவை எத்தனை, இரண்டு தடவை பார்த்தவை எத்தனை என்பதைக் கொண்டு, இன்னும் கண்ணில் படாதவை குறைந்தபட்சம் எத்தனை என்று மதிப்பிட, தைவான் புள்ளியியலாளர் ஆன் சாவ் 1984-ல் ஒரு வழி தந்தார். நாங்களும் அதையே பயன்படுத்தினோம். வண்டியில் அடிபட்டுக் கிடந்தவை, ஊர்க்காரர்கள் சொன்னவை எல்லாம் தனிப் பட்டியல். ஆள்-மணிக் கணக்கோடு அவற்றைக் கலக்கக் கூடாது.

அறிக்கையில் இனப்பட்டியலுக்கு முன்னாலேயே ஒரு பரிந்துரையை வைத்தோம்: திறந்த புல்வெளிப் புள்ளிகளில் மரக்கன்று நடும் திட்டம் எதுவும் வேண்டாம், சீமைக்கருவேலத்தை அகற்றினால் அந்த இடத்தையும் புல்லுக்கே விட வேண்டும். மரம் நடுவது எப்போதும் நல்லதுதானே என்று கேட்டவர்களுக்கு விசிறி விரித்த ஓணானின் படத்தையும், புதர்ப் புள்ளிகளின் பூஜ்யத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். படங்களோடு தமிழில் ஒரு கையேடும் அச்சிட்டு முகாம்களில் கொடுத்தோம். கட்டு விரியன் பக்கத்தை இருளர் அண்ணன் திருத்தித் தந்த பிறகே அச்சுக்குப் போனது.

புள்ளிகளின் ஜிபிஎஸ் அளவுகளை அறிக்கையின் இணைப்பில் வைத்திருக்கிறோம். அதே புள்ளிகளில் மறுபடி தேடினால்தான் மாற்றம் தெரியும். போக நினைப்பவர்கள் ஆவணியிலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். பங்குனி முடிவதற்குள் களத்தில் இருந்தால் கோடை மழைக்கு முந்தைய தேடலும் பிந்தைய தேடலும் இரண்டுமே கிடைக்கும்.