முப்பது வரி பேட்ச், நான்கு சுற்று ரிவ்யூ

டேட்டா பிடிக்கும் கருவி ஒன்றின் லினக்ஸ் டிரைவரில் எம்மேப் வசதி (மெமரியை புரோகிராம் நேரடியாகப் பார்க்கும்படி மேப் செய்வது) சேர்க்கும் பேட்ச், அதாவது கோட் மாற்றம், என்னிடம் ரிவ்யூவுக்கு வந்தது. ரீட் செய்யும்போதெல்லாம் காப்பி எடுப்பதைத் தவிர்க்க, கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) 16 கேபி பஃபரை (டேட்டா தேங்கும் மெமரி) அப்படியே யூசர் ஸ்பேஸுக்கு, அதாவது சாதாரண புரோகிராம்களுக்கு, திறந்துவிடுவதுதான் நோக்கம். மொத்தமே முப்பது வரி. மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கேட்கும் நீளம் 16 கேபியைத் தாண்டுகிறதா என்று எழுதியவர் பார்த்திருந்தார். ஆஃப்செட்டை, அதாவது எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்பதை, பார்க்கவில்லை. வாயால் சொன்னால் விவாதம் வளரும் என்று சின்னதாக ஒரு டெஸ்ட் புரோகிராம் எழுதினேன்: நீளம் 4096, ஆஃப்செட் 16384. எம்மேப் தோற்றிருக்க வேண்டும். தோற்கவில்லை. பஃபருக்கு அடுத்த பேஜ் (மெமரித் துண்டு) கைக்கு வந்தது, உள்ளே யாருடையதோ பைட்டுகள். அந்த அவுட்புட்டை ஒட்டி அனுப்பினேன், மறுபேச்சில்லை. பஃபர், கருவியே நேரடியாக அணுகும் மெமரியை ஒதுக்கும் டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட் என்ற கர்னல் ஃபங்ஷன் கொடுத்தது. அதன் பேஜ் எண்ணை நாமே கணக்கிட்டு பேஜ்களை மேப் செய்யும் பொதுவான ஃபங்ஷனான ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்சிடம் தருவதே தப்பு. டிஎம்ஏ_எம்மேப்_கோஹெரன்ட் அதற்குத்தான் இருக்கிறது, எல்லையையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மாற்றியபின் அதே புரோகிராமுக்கு ஈஎன்எக்ஸ்ஐஓ என்ற பிழை கிடைத்தது.

படிக்க மட்டுமே அனுமதி என்பதற்காக விஎம்_ரைட் (எழுதும் அனுமதிக் கொடி) இருந்தால் மறுத்திருந்தார். அந்த அனுமதியைப் பிறகு கேட்கலாம் என்னும் விஎம்_மேரைட் கொடியையும் நீக்காவிட்டால், மேப் ஆனபின் எம்புரொடெக்ட் (அனுமதியை மாற்றும் அழைப்பு) போட்டு எழுதும் உரிமையை வாங்கிவிடலாம். ஒரு வரியில் சரியானது.

பெரிய ஓட்டை டிஃப்பிலேயே (மாறிய வரிகளின் பட்டியல்) இல்லை. முதல் இரண்டு சுற்றிலும் நானும் அதைப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை முழு ஃபைலையும் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது: பஃபர் அளவை மாற்றும் பழைய ஐஓசிடிஎல் (டிரைவருக்குக் கட்டளை தரும் அழைப்பு) ஒன்று. பழைய பஃபரை விடுவித்துவிட்டுப் புதிதாக எடுக்கும். இப்படி மேப் செய்த பேஜுக்கு கர்னல் தனியாக ரெஃபரன்ஸ் (இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்ற கணக்கு) பிடித்துவைப்பதில்லை. ஆக, விடுவித்த மெமரி வேறு யாருக்கோ போனபிறகும் நம் புரோசஸ் அதை ஹாயாகப் படித்துக்கொண்டிருக்கும். பேட்ச் வருவதற்கு முன் அந்த ஐஓசிடிஎல்லில் எந்தக் குறையும் கிடையாது!

மேப்பிங்குகளை எண்ணிவைத்து, எண்ணிக்கை பூஜ்யம் இல்லாவிட்டால் அந்த ஐஓசிடிஎல்லில் ஈபிஸி (பயன்பாட்டில் உள்ளது என்ற பிழை) கொடுக்கச் சொன்னேன். அடுத்த வெர்ஷனில் மேப்பிங்குக்கான ஃபங்ஷன் பட்டியலான விஎம்_ஆப்ஸின் ஓபனில் கூட்டி, குளோஸில் கழித்திருந்தார். ஃபோர்க்கின்போது (புரோசஸ் தன்னைப் பிரதி எடுக்கும்போது) ஓபன் அழைக்கப்படும். முதல் எம்மேப்புக்கு அழைக்கப்படாது. படிக்கும்போது எனக்கும் அது உறைக்கவில்லை. ஒருமுறை மேப் செய்து, மன்மேப்பால் அதை நீக்கி, டிரைவர் அச்சிட்ட எண்ணிக்கையைப் பார்த்தேன்: -1. எம்மேப் ஃபங்ஷனுக்குள்ளும் ஒன்று கூட்டி அடுத்த வெர்ஷன் வந்தபிறகுதான் ரிவ்யூ முத்திரை போட்டேன்.