240 மணி நேரம்

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்த வருடங்களில் நான் பாடம் நடத்தியதைவிட மணிக்கணக்கு எழுதியதுதான் அதிகம். ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவை, இரண்டு ஆண்டில் 240. கூடவே 7 நாள் சிறப்பு முகாம். பதிவேட்டில் ஏறினால்தான் சான்றிதழ்.

சேர வருகிற பிள்ளைகளின் முதல் கேள்வி, “சார், இதுக்கு மார்க் உண்டா?” எரிச்சலாக வரும். அப்புறம் இந்தத் திட்டத்தின் பழைய கதையைப் படித்தேன். தானாக வர வேண்டுமா, இழுத்து வர வேண்டுமா என்ற குழப்பம் டெல்லியிலேயே பல வருடம் இருந்திருக்கிறது. மாணவர்கள் விருப்பத்தோடு செய்யட்டும் என்றுதான் 1950இல் மத்திய கல்வி ஆலோசனை வாரியம் பேச்சைத் தொடங்கியது. 1959இல் சி.டி. தேஷ்முக் குழு, கல்லூரிக்குப் போகும் முன் 9 மாதம் முதல் ஓராண்டு வரை எல்லோருக்கும் கட்டாயம் என்றது. செலவைப் பார்த்து அது நின்றுபோனது. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையிதைன், கட்டாயம் வேண்டாம் என்றார். கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு திட்டம் பிறந்தது. அப்போதைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நம் காஞ்சிபுரத்தில் பிறந்தவர்.

சட்டையில் குத்தும் சின்னம் கொனார்க் கோயிலின் தேர்ச்சக்கரம். அதன் 8 ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்குமாம். பதிவேட்டுக்கு அவ்வளவு தாராளம் கிடையாது.

முகாம் என்றால் 50 பேருக்குச் சாப்பாடு. பணம் எப்போதும் முகாம் முடிந்த பிறகுதான் வரும். அதுவரை மளிகைக் கடைக்காரர் என் முகத்துக்காகப் பொறுத்திருப்பார். ஒரு வருடம் ஊருணிக்கரையில் சீமைக்கருவேலம் வெட்டினோம். வேடிக்கை பார்த்த பெரியவர், “போன தடவையும் இதைத்தான் வெட்டுனீங்க” என்றார். வேரோடு எடுக்காவிட்டால் திரும்பத் தழைக்கும் என்பது எங்களில் யாருக்கும் உறைக்கவில்லை.

அதே முகாமில் ஒரு மாணவி சாயங்காலமானால் காணாமல் போவாள். விசாரித்தால், தனியாக இருந்த ஒரு பாட்டி வீட்டில் உட்கார்ந்து அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசி நாள் பதிவேட்டைத் திறந்து, “அதுக்கு எத்தனை மணி நேரம்மா போடட்டும்?” என்று கேட்டேன்.

“வேலை ஒண்ணும் செய்யலையே சார், கதைதானே கேட்டேன்.”

‘முதியோர் நலம்’ என்று எழுதி 6 மணி நேரம் போட்டேன். தணிக்கைக்கு வந்தவர் அதில் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.