ரெண்டு தடவை ஊதப் போன கதை

"ஊதுங்க" என்று யாராவது சொன்னால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: ராத்திரி நேரம், ரோட்டோரம், போலீஸ்காரர் கையில் மெஷின். கல்லீரல் டெஸ்டுக்கு ஊதப் போகிறேன் என்றதும் மாமியார் கேட்டேவிட்டார்: "ஏனுங் மாப்ள, நீங்க அதெல்லாம் தொடமாட்டீங்கன்னாங்களே?"

தொடுவதில்லைதான். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருக்கிறேன். பத்து வருசமாகச் சர்க்கரை, தொப்பையும் உண்டு. கல்லீரலில் கொழுப்பு படிய அது போதுமாம். ஸ்கேனில் இரண்டாம் கிரேடு என்று வந்தது. அப்புறம் கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன். வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வேண்டும். விலா இடுக்கில் ஜெல் தடவி, பத்துத் தடவைக்கு மேல் லேசாகத் தட்டுகிறார்கள். வலியில்லை. லேசாக இறுக்கம் தெரிகிறது என்றார் டாக்டர். மூச்சை வைத்துக் கல்லீரலைப் பார்க்கும் ஆய்வு ஒன்று கோவையில் நடக்கிறது, சேர்ந்துகொள்கிறீர்களா என்று அவரே கேட்டார். தமிழில் இருந்த ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் போனது வீண். "வெறும் வயிற்றில் வாங்க" என்று மட்டும்தான் போனில் சொன்னார்கள். காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் குடித்துவிட்டுப் போனேன். முந்தின ராத்திரி கம்மஞ்சோறு. எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்த ஆய்வுக்காரப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"காபி, கம்பு, நாட்டுச் சர்க்கரை... மூணுமே ஆகாதுங்ணா!"

காபி ஏன் ஆகாது என்பது சுலபம். ஊதும் முன் இந்த டெஸ்டுக்காகக் குடிக்கத் தரும் மருந்தின் பெயர் மெதாசெட்டின். அதை உடைக்கும் கல்லீரல் நொதிதான் காபியிலுள்ள கஃபீனையும் உடைக்கிறது. இரண்டும் சேர்ந்து போனால் நெரிசல்.

கம்பு விஷயம்தான் எனக்கு ஆச்சரியம். அந்த மருந்தில் கார்பன்-13 என்ற கொஞ்சம் கனமான கார்பனை வைத்திருக்கிறார்கள். கதிர்வீச்சு எதுவும் கிடையாது. காற்றில் உள்ள கார்பனிலேயே நூற்றுக்கு ஒரு பங்கு அதுதான். கல்லீரல் மருந்தை உடைத்ததும் அந்தக் கார்பன் கரியமில வாயுவாக மூச்சில் வருகிறது. எவ்வளவு வேகமாக வருகிறது என்பதில்தான் கல்லீரலின் தெம்பு தெரியும். ஆனால் கம்பு, சோளம், மக்காச்சோளம், கரும்பு இவற்றிலெல்லாம் நெல்லைவிடக் கார்பன்-13 இயற்கையாகவே சற்றுக் கூடுதல். ராத்திரி தின்ற கம்பு காலையில் மூச்சில் வந்து சாட்சி சொல்லுமாம்!

அடுத்த வாரம் போனபோது முந்தின நாள் முழுக்க நெல்லுச் சோறுதான். ராத்திரிக்கு அரிசியும் பருப்புஞ் சாதம், நெய் விட்டு. காலையில் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

முதலில் ஒரு அலுமினியப் பையில் ஊதச் சொன்னார்கள். மூச்சை இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, அப்புறம் மெதுவாக. நுரையீரலின் அடியில் இருக்கும் காற்று வேண்டுமாம். அப்புறம் மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். பத்து நிமிசத்துக்கு ஒரு பை, ஒரு மணி நேரம். ஊதுவது பெரிய வேலையில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் கொடுமை. நடந்தால் மூச்சில் வாயு கூடி கணக்குத் தப்பிவிடும். இருபது தறிக்கு நடுவே நடந்தே பழகியவனுக்கு அந்த ஒரு மணி நேரம் அரை நாள் மாதிரி இருந்தது.

உட்கார்ந்திருந்தபோது அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஞாபகம் வந்தது. கல்லீரல் கெட்டுத்தான் போனார். கடைசி நாட்களில் அவர் வாயில் இனிப்பும் பூஞ்சணமும் கலந்த ஒரு வாடை. அம்முச்சி (அம்மாவின் அம்மா) வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார். டாக்டரிடம் சொன்னேன். அந்த வாடைக்கு மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது, கல்லீரல் வடிகட்டாமல் விட்ட கந்தகப் பொருள்கள் மூச்சில் வருவதுதான் என்றார்.

என் கல்லீரல் மருந்தை முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே நன்றாக உடைத்திருக்கிறது. ஆனால் வேலை ஒழுங்காக நடப்பதால் கொழுப்பு இல்லை என்றாகாது. அடுத்த வருசம் ஃபைப்ரோஸ்கேன் மறுபடி எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

காபி குடிக்கலாமா என்றேன். "தாராளமா. கல்லீரலுக்கு நல்லதுங்க. அந்த நாட்டுச் சர்க்கரையை மட்டும் விட்டுடுங்க."