விண்டோஸ் 10-இலிருந்து லினக்ஸ் மின்டுக்கு: பழையதை அழிக்கும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் பிராசசர் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 6, 7-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப்புகளுக்கு அங்கே இடமில்லை. அவற்றில் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் 22 தாராளமாக ஓடும், 2029 ஏப்ரல் வரை அப்டேட்டும் உண்டு. ராம் 4 ஜிபி என்றால் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி என்றால் சின்னமன் பதிப்பு. உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்டுடிஸ்க் என்றால் முதலில் ஒரு சாட்டா எஸ்எஸ்டி வாங்கிப் போடுங்கள். அதைச் செய்யாமல் இயங்குதளத்தை மட்டும் மாற்றிவிட்டு வேகத்தை எதிர்பார்ப்பது வீண்.

நிறுவும் வேலை அரை மணி நேரம்தான். ஆட்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் விண்டோஸை அழித்த மறுநாள்தான்.

முதலில் பாஸ்வேர்டுகள். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து லினக்ஸில் வைத்தால் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் வந்துவிடும். குரோமில் இது நடக்காது. சேமித்த பாஸ்வேர்டுகளை அது விண்டோஸ் கணக்கோடு கட்டிப் பூட்டி வைக்கிறது. ஃபோல்டரை எடுத்துப் போனாலும் திறக்காது. கூகுள் கணக்கில் சிங்க் செய்யுங்கள், அல்லது பாஸ்வேர்டு மேனேஜரிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அந்தக் கோப்பு பூட்டில்லாத வெறும் உரை. லினக்ஸில் இம்போர்ட் செய்த கையோடு அழித்துவிடுங்கள்.

அடுத்தது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த சில லேப்டாப்புகளில் டிஸ்க் என்கிரிப்ஷன் கேட்காமலே இயங்கியிருக்கும். பயாஸில், கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் அமைப்பைத் தொட்டதும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு விண்டோஸ் நின்றுவிடும். கீயை முன்பே குறித்து வையுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வதாக இருந்தால் என்கிரிப்ஷனை அணைத்துவிட்டே பார்ட்டிஷனைச் சுருக்குங்கள். கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்த வேண்டும். அது ஓடும்வரை ஷட்டவுன் என்பது பாதி உறக்கம்தான். டிரைவ் பூட்டிய நிலையில் இருப்பதால் லினக்ஸில் கோப்புகளைப் படிக்கலாம், எழுத முடியாது.

இனி தமிழ். இதைத்தான் பலர் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டுகளில் தட்டிய கோப்புகள் இருந்தால், விண்டோஸில் இருக்கும்போதே என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடாக்கிவிடுங்கள். அந்தக் கோப்புகளுக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகள்தான். ஃபான்ட்தான் தமிழ் வேஷம் போடுகிறது. அதனால் இடையிடையே வரும் ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் மாற்றும்போது குழம்பித் தமிழாகிவிடும். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

தட்டச்சுக்கு மின்டின் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்நெட் 99 (தமிழ்99) தெரியும். அதைச் சேர்த்துவிட்டு ‘லினக்ஸில் தமிழ்99 சரியில்லை’ என்று திரும்பி வந்தவர்கள் உண்டு. அந்த லேஅவுட் ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற கணக்கில்தான் இயங்கும். ‘க’வை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழாது. தமிழ்99-இன் சுகமே அதுதானே. வேண்டியது ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி. சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து மீண்டும் வாருங்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் தமிழின் கீழே தமிழ்99-ஐச் சேர்க்கலாம். ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவர்களுக்கு ஃபொனெட்டிக்கும் அங்கேயே இருக்கிறது. மாற்றும் விசை, விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும். லாக்அவுட்டைத் தவிர்த்தால் சில செயலிகளில் தமிழ் வரும், சிலவற்றில் வராது, வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

லிப்ரேஆபிஸில் இன்னொரு சிக்கல். தமிழை அது ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற தனிப் பிரிவில் வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழி அமைப்புக்குப் போய் அதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுக்கும்வரை, ஸ்டைலில் ஃபான்ட்டை எத்தனை முறை மாற்றினாலும் ஆங்கில எழுத்து மட்டும்தான் மாறும். விண்டோஸின் லதா ஃபான்ட்டில் செய்த கோப்புகளை லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் காட்டும்போது வரிகள் வேறு இடத்தில் உடையும். ஒரு பக்க மனு இரண்டு பக்கமாகிவிடலாம். வெளியே அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். காலிப்ரி என்ற ஆங்கில ஃபான்ட்டுக்குப் பதில் கார்லிட்டோ வரும். அகலம் ஒன்றே என்பதால் ஆங்கிலக் கோப்புகளில் அவ்வளவு தொல்லையில்லை.

நிறுவ 8 ஜிபி பென்டிரைவ் போதும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற செயலியால் மின்டின் ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பை அதில் எழுதி, பூட் மெனுவில் தேர்ந்தெடுங்கள்; டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டி வைஃபை, ஒலி, டச்பேட், ஸ்லீப், பிரிண்டர் எல்லாவற்றையும் சோதித்துவிடலாம். பிராட்காம் வைஃபை சில நேரம் எழாது. போனை யுஎஸ்பி டெதரிங்கில் போட்டு இணையம் வாங்கி, டிரைவர் மேனேஜரில் அதற்கான டிரைவரைப் போடலாம். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா போன்ற டிரைவர் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த பூட்டில் நீலத்திரை வந்து ‘என்ரோல் எம்ஓகே’ கேட்கும்; அதைத் தேர்ந்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள். பதறிப்போய் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

நம் ஊர்க் கடைகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் உழைக்கும் எச்பி லேசர்ஜெட் 1020, பட்டியலில் தெரியும், பிரிண்ட் கொடுத்தால் பேசாமல் இருக்கும். ஒவ்வொரு முறை பவர் போடும்போதும் கணினியிலிருந்து அதற்கு ஃபர்ம்வேர் போக வேண்டும். எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப்பை நிறுவி அதன் ப்ளகினையும் இறக்குங்கள். இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும்.

டாலியில் கணக்கு எழுதுபவர்கள் விண்டோஸை முழுதாக அழிக்க வேண்டாம். அவர்களுக்கு இரண்டு இயங்குதளத்தையும் வைத்துக்கொள்ளும் இரட்டை பூட் நல்ல வழி. லினக்ஸ் போட்டபின் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பேட்டரி போய்விட்டது என்று மதர்போர்டைத் திறக்காதீர்கள். லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் மின்டிலேயே உள்ள டைம்ஷிஃப்ட் செயலியில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். அது சிஸ்டம் கோப்புகளுக்கு மட்டும். உங்கள் ஹோம் ஃபோல்டரை வழக்கமாகத் தொடாது. ஆவணங்களுக்கும் படங்களுக்கும் தனி எக்ஸ்டெர்னல் டிரைவ் வேண்டும். அதை எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்தால் விண்டோஸ் கணினியிலும் திறக்கும், ஆனால் டைம்ஷிஃப்ட் அதில் எழுதாது. அதற்கு ஈஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் பார்ட்டிஷன் வேண்டும்.