புரூஃபில் காணாமல் போன சொளவு

நாவல் அச்சாகி வந்து பத்து நாளாகிறது. இன்னமும் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'சொளவு' (எங்கள் பக்கம் முறத்தை அப்படித்தான் சொல்வோம்) இருக்கிறதா என்றுதான் கண் முதலில் தேடுகிறது.

கதை, நெல்லைப் பக்கம் பீடி சுற்றும் வீட்டில் வளரும் ஒரு பெண்ணுடையது. ஆளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவள் மடியில் சொளவை வைத்துவிடுகிறார்கள். தகடு வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, 25 பீடிக்கு ஒரு கட்டு என்று எண்ணியே அவள் வயது போகிறது. என் அம்மா அப்படி வளர்ந்தவள்.

சொந்தப் பதிப்பு. நூலுக்கான அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன், கட்டணம் இல்லை, வந்துவிட்டது. சிக்கல் அச்சகத்தில்தான். நான் யூனிகோடில் அடித்துக் கொடுத்தேன். அவர்கள் பழைய பேஜ்மேக்கரில் பக்கம் அமைப்பவர்கள். எழுத்துரு மாற்றியதில் 'கொ', 'கோ' வந்த இடமெல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். திருத்திக் கொடுத்தேன். இரண்டாவது புரூஃப் பளிச்சென்று இருந்தது. கையெழுத்துப் போட்டிருப்பேன், அம்மா "ஒருக்கா வாசிச்சுக் காட்டு" என்று கேட்காமல் இருந்திருந்தால்.

நாலாவது பக்கத்திலேயே நிறுத்தினாள். "ஏட்டி, முறம்னு யாரு சொன்னா? என் மடியில கெடந்தது சொளவுல்லா?"

மெய்ப்புப் பார்த்தவர் வட்டாரச் சொற்களைப் பிழை என்று நினைத்துத் 'திருத்தி'யிருக்கிறார். அடுப்படியில் நிற்கும் ஆச்சி, "பேத்தி பூப்பெய்திவிட்டாள்" என்கிறாள்! நான் எழுதியது "ஆளாயிட்டா". வயிறு எரிந்தது.

மறுநாளே பஸ் ஏறினேன். ஆபரேட்டர் லீவு. அப்படியே திரும்பி வந்தேன். போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்த முறை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, மூலப்பிரதியை வைத்து வரிவரியாகப் பார்த்தோம். தேடி மாற்றும் வசதியை மட்டும் நம்பாதீர்கள்: 'முறம்' என்று தேடினால் 'முறத்தில்', 'முறத்தை' சிக்காது. மதியம் தொடங்கியது, இருட்டும்போதுதான் முடிந்தது.

அப்புறம் இன்னொரு தலைவலி. 208 பக்கம், அதாவது ஒரு ஃபாரத்துக்கு (சேர்த்து அச்சிடும் பக்கத் தொகுப்பு) 16 பக்கம் வீதம் சரியாக 13 ஃபாரம் இருந்தது, திருத்தியதில் 211 ஆகிவிட்டது. மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம். அத்தியாயங்கள் வலப்பக்கத்தில்தான் தொடங்கவேண்டும் என்பதை விட்டுக்கொடுத்தேன்; வெற்றுப் பக்கங்கள் போய் 208-க்கே அடங்கியது. சொல் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள், தொடக்கூடாத சொற்களின் பட்டியலைக் கையெழுத்துப் பிரதியோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். புரூஃபைத் தாளில் எடுத்து, அந்தப் பேச்சில் வளர்ந்த ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

புத்தகம் வெளியான 30 நாளுக்குள் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்பவேண்டும் என்பது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மற்ற இரண்டுக்கும் நேற்று தபாலில் போட்டேன். ரசீதுகளை அம்மா வாங்கி, தன் பழைய பீடி பாஸ்புக்குக்குள் செருகி வைத்துக்கொண்டாள்.