அரைமண்டிக்குக் கிரெடிட் உண்டா?

பாடப்பட்டியலின் கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது சுருக்கென்றது. அமெரிக்காவுக்கு வந்தபின் இங்கே ஒரு கல்லூரியின் நாடக, நடனத் துறையில் மாலை வகுப்புக்குச் சேர்ந்திருக்கிறேன். நடனத்தில் பட்டம் வாங்க நினைப்பவர்கள் பாலேயும் மாடர்ன் டான்ஸும் பருவந்தோறும் படித்தே தீர வேண்டும். நம் பரதநாட்டியமோ ‘உலக நடனங்கள்’ என்ற விருப்பப்பாடத்துக்குள், இன்னும் பல நாட்டு ஆட்டங்களோடு, இரண்டு வாரத்துக்கு ஒதுங்கிக் கிடக்கிறது. இரண்டு வாரம்! முதலில் கற்கிற அடிப்படை அசைவான தட்டடவே மூன்று வேகத்திலும் கால் படிய அது போதாதே.

மற்றபடி இங்கே நன்றாகவே ஒட்டிக்கொண்டேன். நாடக மாணவர்களின் ஒழுங்கைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மேடை மேலாளர் வந்து “ஐந்து நிமிடம்” என்று குரல் கொடுத்தால், ஒப்பனை போட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் “நன்றி, ஐந்து” என்று திருப்பிச் சொல்லியாக வேண்டும். முதல்முறை கேட்டபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது எல்லோருக்கும் முன்னால் நான்தான் சொல்கிறேன். கடைசிக் காட்சி முடிந்த இரவே, அரசனாக நடித்த பையன் திருப்புளியோடு வந்து தன் அரண்மனையைத் தானே கழற்றுவான். விளக்கு ஒத்திகை என்றால் நாள் முழுக்க நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

அப்படி நிற்கும்போது நினைவு தெருக்கூத்துக்குப் போய்விடும். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். அதற்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் “யாரய்யா நீர்?” என்று வம்பு பண்ணுவான். தூங்கிப்போன பிள்ளைகளைத் தட்டி எழுப்பி, “துரியோதனன் வந்துட்டான் பாரு” என்பார்கள்.

பாலே வகுப்பு வேறு விதமாக ஆட்டிவைத்தது. பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி முழங்காலை மடக்குவதை அவர்கள் பிளியே என்கிறார்கள். பார்வைக்கு, முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடும் நம் அரைமண்டியின் உடன்பிறப்பு. ஆனால் அவர்களுக்கு அது துள்ளலுக்கோ சுழலுக்கோ போகிற வழி. மடக்கியதும் எழுந்துவிட வேண்டும். நமக்கு அங்கேதான் குடியிருப்பு. இங்குள்ள ஆசிரியை “மேலே வா, மேலே வா” என்கிறார். என் காதிலோ “உட்காரு, இன்னும் உட்காரு” என்று என் பரதநாட்டிய டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழியைத் தட்டுவதுதான் ஒலிக்கிறது. தரையும் அப்படித்தான். மூட்டுக்கு நல்லதென்று மரப்பலகைக்கு மேல் மெத்தென்று வினைல் விரித்திருக்கிறார்கள். ஓங்கித் தட்டினாலும் என் தட்டு எனக்கே கேட்பதில்லை.

எனக்குப் பொறாமை வந்தது பியானோக்காரரைப் பார்த்துத்தான். ஒவ்வொரு வகுப்பிலும் வந்து உட்கார்ந்து, மாணவர்களின் காலைப் பார்த்துப் பார்த்து வாசிக்கிறார். ஒருத்தி தடுமாறினால் ஒரு மயிரிழை நிதானிக்கிறார். தாளம் தட்டி, ‘தகதிமி’ போன்ற சொற்கட்டு சொல்லிப் பரதம் ஆட்டுவிக்கும் நட்டுவனார் செய்ததும் இதைத்தானே! கடல் கடந்த நம் வீடுகளில் பிள்ளைகள் கைப்பேசியில் பதிந்த சொற்கட்டுக்கு ஆடுகிறார்கள். பதிவு யாருக்காகவும் நிதானிக்காது. பாலே வகுப்பு முடியும்போது ஆசிரியருக்கும் வாசித்தவருக்கும் குனிந்து வணக்கம் வைக்கிறார்கள். இவ்வளவு தெரிந்தவர்களா நம்மைக் கடைசிப் பக்கத்தில் போட்டார்கள் என்று அப்போதுதான் இன்னும் வலித்தது.

அமெரிக்காவுக்கு நாம் நேற்று வந்தவர்கள் அல்லர். 1962இல் மாசசூசெட்ஸில் ஜேக்கப்ஸ் பில்லோ நடன விழாவில் பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதி ஆடினார். கனெக்டிகட்டின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அவரே நடனம் கற்பித்தார். தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கத்தையும் விஸ்வநாதன் புல்லாங்குழலையும் அங்கே நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள். பதம் என்னும் நடனப் பாட்டைப் பாடிக்கொண்டே அபிநயம் பிடித்த அந்த அம்மாளின் கலையை இரண்டு வாரத்தில் ருசி காட்டிவிட்டுப் போக முடியுமா?

கற்றுக்கொள்ளும் ஆசை மாணவர்களிடம் நிறைய இருக்கிறது. மாடர்ன் வகுப்பில் எல்லாமே எட்டு எட்டாக எண்ணப்படும். ஒரு இடைவேளையில் ஐந்து எண்ணிக்கை கொண்ட ‘கண்ட நடை’யைத் “தகதகிட” என்று போட்டுக் காட்டினேன். மறுநாள் நடைபாதையெல்லாம் தகதகிட! வகுப்புக்கு டிரம் வாசிக்கும் இளைஞர் “ஏழு இருக்கிறதா?” என்று கேட்டு, “தகிட தகதிமி”யை உடனே கையில் பிடித்துக்கொண்டார்.

துறைத் தலைவரிடம் மனதில் பட்டதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எழுதித் தரச் சொன்னார். எழுதிவிட்டேன். பாலேவுக்கு இணையாகப் பரதத்துக்கும் பயிற்சிப் பாடம் என்ற தகுதியும் பட்டத்துக்குக் கணக்காகும் கிரெடிட்டும் வேண்டும். தொடர்ந்து இரண்டு பருவமாவது நடக்க வேண்டும். முதல் பருவம் முழுக்க அடவுகள் மட்டும். தட்டினால் கேட்கிற மரத்தரை வேண்டும். பியானோவுக்கு ஆள் வைக்கிற துறை, தட்டுக்கழியோடு உட்கார்ந்து ஜதிச் சொற்கட்டு சொல்லவும் ஒருவரை வைக்க வேண்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.